அரை லிட்டர் மிச்சம்

அத்தியாயம் 1

"சாகப்போற வண்டிக்கு டாக்டர் எதுக்குங்க?" என்று ஹாரன் கேட்டபோது கண்ணாடிக் கடைக்காரர் சிரிக்கவில்லை. கடையில் சாய்த்து வைத்திருந்த பதினேழு நிலைக்கண்ணாடிகளிலும் அவர் சிரிக்கவில்லை.

பதினேழு என்பது எண்ணிச் சொன்னது. பதற்றமாக இருந்தால் எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

பழைய வண்டிகளைப் பரிசோதித்துச் சான்று எழுதித் தரும் ஓர் அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. மாலை ஏழு மணிக்கு என்ஜின் வகுப்பு. வண்டிகளைப் பரிசோதிக்கும் எங்கள் சர்வேயர் மாடிப்படியில் சறுக்கிக் காலில் கட்டுடன் படுத்துவிட்டதால், அன்று முதல் தடவையாக ஒரு வண்டியைப் பார்த்து முடிவு சொல்ல நான் அனுப்பப்பட்டிருந்தேன். துணைக்கு ஹாரன். அலுவலகத்தின் ஓட்டுநர். முப்பத்தைந்து வயது. வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். கையிலிருந்து நோட்டை இறக்கமாட்டேன் என்பதால் நான் 'நோட்டு'.

மணி பன்னிரண்டு பத்து.

"அஞ்சு மணிக்கு வண்டி உடைக்கிறவர் வர்றார்" என்றார் கடைக்காரர். ஐம்பதைத் தொட்டவர். சட்டைப் பையில் மஞ்சள் மெழுகுப் பென்சில். "அதுக்குள்ள எனக்கு ஒரு காகிதம் வேணும்மா."

"என்னன்னு எழுதணும்?"

"ஆயில் பிரஷர் இறங்கி என்ஜின் போச்சுன்னு. அதுக்குக் காரணம் ஓட்டினவன்தான்னு."

"ஓட்டினது யாரு?"

அவர் எங்கள் மூவருக்கும் நடுவே நின்றிருந்த ஒரு கண்ணாடித் தகட்டில் பென்சிலால் அளவு எழுதினார். "என் தம்பி."

நான் அந்தத் தகட்டைப் பார்த்தேன். அவர் அந்தப் பக்கம் நின்று எழுதுகிறார், எனக்கு இந்தப் பக்கம் நேராகத் தெரிகிறது. எண்களை இடம் வலமாக மாற்றி, கொஞ்சமும் தயங்காமல் எழுதியிருந்தார்.

"இதெப்படிங்க?"

"பழக்கம்மா. நான் அளப்பேன், அவன் அந்தப் பக்கம் நின்னு அறுப்பான். அவனுக்குப் புரியணும்ல." சொல்லிவிட்டு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே நான்தான் நின்றிருந்தேன். "இப்ப அந்தப் பக்கம் யாருமில்லை. கை மட்டும் மறக்கலை."

கதை சிறியது. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து நடத்திய கடை. இருவரும் தனிக்கட்டை. பதினோரு வாரங்களுக்கு முன், ஒரு நடனப் பள்ளிக்காகச் செய்த ஆளுயரக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தம்பி கிளம்பினார். பாலத்து மேட்டில், ஆயில் பிரஷர் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டி நின்றது. இழுத்துக்கொண்டு வரும்போது கண்ணாடி விரிசல் விட்டது. அன்று சாயங்காலம் இந்தக் கடையில் இரண்டு குரல்கள் உயர்ந்தன. மறுநாளிலிருந்து ஒரு குரல்தான், அதுவும் வாடிக்கையாளர் வந்தால் மட்டும்.

"அவன் சொன்னதைக் கேளுங்க. 'மெதுவா போனா லைட் இல்லை, மிதிச்சா எரியுது'ன்னான். எங்கயாவது உண்டா? ஆயில் ஊத்தாம ஓட்டிட்டுக் கதை விடறான். மூணு மெக்கானிக் கிட்டக் கேட்டேன். மூணு பேரும் பேரிங் தேஞ்சு போச்சு, என்ஜின் அவ்வளவுதான்னுட்டாங்க."

"மூணு பேரும் கழட்டிப் பார்த்தாங்களா?"

"முதல் ஆள் வந்தார். ஆயிலை மாத்தினார். பார்த்தார். ரெண்டாவது ஆள் முதல் ஆள் சொன்னதை ஃபோன்ல கேட்டுட்டு ஆமான்னார்."

"மூணாவது ஆள்?" என்றார் ஹாரன்.

"ரெண்டாவது ஆளோட மச்சான்."

"போதும்ங்க. பெரிய டாக்டர் குழு." ஹாரன் சொல்லிக்கொண்டே, வெட்டும் மேசையின் அடியில் கிடந்த, பச்சைக் கம்பளித் துணி ஒட்டிய ஒரு மரக்கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த நொடி எழுந்தார். அவருடைய வெளிர் பேண்ட்டின் பின்புறம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம்.

"போச்சு! நேத்துதான் தேச்சு வாங்கினேன்!"

"அது கண்ணாடிக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை. உட்கார்றதுக்கில்லை" என்றார் கடைக்காரர்.

நான் சிரித்தேன். சிரித்ததற்காக நோட்டில் தலையைப் புதைத்துக்கொண்டேன். அந்தக் கறையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அன்று நான் செய்த முதல் தவறு அது.

* * *

பிக்கப் கடையின் பின்கட்டில் நின்றது. இருபத்திரண்டு வயது. முன்கண்ணாடியில் தூசி படிந்திருக்க, ஓட்டுநர் பக்கம் மட்டும் யாரோ துடைத்திருந்தார்கள். ஓடாத வண்டியின் கண்ணாடியை யார் துடைப்பார்கள்? கேட்கவில்லை. பின்கட்டில் ஒரு ஸ்டூல் வண்டியைப் பார்த்தபடி கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரே ஒரு டீ டம்ளர்.

கண்ணில் பட்டதை எல்லாம் எழுதினேன். ஏனென்றால் எது முக்கியம் என்று எனக்கு முன்கூட்டித் தெரிவதே இல்லை. சுவரில் சாய்ந்த ஒரு பஞ்சர் சக்கரம், வளையத்தில் மஞ்சளில் '14/3'. அலமாரியில் ஓர் ஆயில் டப்பா, மூடியில் '18/3'. கழற்றிய பழைய ஆயில் இருந்த வாளி, அதிலும் '18/3'. இந்த மனிதர் தொட்ட எல்லாவற்றிலும் தேதி இருந்தது.

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கிற சாம்பாருக்குக்கூட இவரை ஒரு தடவை கூட்டிட்டுப் போகணும்" என்றார் ஹாரன்.

எண்ணெய் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவினேன். எண்ணெய் சரியாக மேல் கோட்டில் நின்றது. எண்ணெய்க்குக் குறைவில்லை.

அடுத்து விளக்கு பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். வயர் கெட்டாலும், பிரஷர் சுவிட்ச் கெட்டாலும் விளக்கு எரியும். சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் எங்கள் சோதனை மீட்டரை மாட்டினேன். முதல் தடவை மரை பிடிக்காமல் நழுவியதை ஹாரன் பார்த்தார். பார்க்காதது போல் பேட்டரியை மாட்டப் போனார். அவர் அப்படிச் சில சமயம் செய்வதுண்டு.

என்ஜின் மூன்றாவது திருகலில் உயிர் பெற்றது.

நிதானமான ஓட்டத்தில் மீட்டர் முள் முப்பத்திரண்டில் நின்றது. நல்ல ஆரோக்கியம்.

"கொஞ்சம் மிதிங்க."

முள் பதினெட்டுக்கு இறங்கியது.

"இன்னும்."

எட்டு.

"விடுங்க."

மறுபடி முப்பத்திரண்டு.

மூன்று தடவை செய்து பார்த்தேன். மூன்று தடவையும் அதேதான். என்ஜின் வேகமெடுத்தால் ஆயில் பம்பும் வேகமாகச் சுற்றும், அழுத்தம் ஏற வேண்டும். பேரிங் தேய்ந்த என்ஜினில் நிதானத்தில் அழுத்தம் விழும், மிதித்தால் எழும். இங்கே எல்லாம் தலைகீழ்.

"தம்பி சொன்னது பொய்யில்லைங்க" என்றேன்.

கடைக்காரர் மீட்டரையே பார்த்தார். "மெஷின் பழசா?"

"எங்க மெஷின் பழசு, உங்க வண்டி பழசு. ஆனா ரெண்டும் சேர்ந்து மூணு தடவை ஒரே பொய்யைச் சொல்லாது" என்றார் ஹாரன்.

ஆக, பம்ப் நன்றாக இருக்கிறது. பேரிங்கும். பம்புக்கு வந்து சேரும் எண்ணெய்தான் போதவில்லை. என்ஜினின் அடியில், எண்ணெய் தேங்கும் தகரத் தொட்டி இருக்கிறதே, சேம்பர், அதன் தரையிலிருந்து விரற்கடை உயரத்தில் ஒரு வலை தொங்கும். பம்ப் அதன் வழியாகத்தான் எண்ணெயை உறிஞ்சுகிறது. அந்த வலையில் கசடு அடைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். எண்ணெயைக் காலத்தில் மாற்றாவிட்டால் கசடு சேரும்.

"ஆயில் மாத்தறது யார் பொறுப்புங்க?"

"அவன்தான்." கடைக்காரரின் முதுகு நிமிர்ந்தது. "அப்ப அவன் தப்புதானே?"

வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தேன். சேம்பர் முழுக்க மண் அப்பியிருந்தது. ஓட்டை இல்லை, கீறல் இல்லை, கசிவு இல்லை. 'சேம்பர்: சேதமில்லை' என்று எழுதினேன். இரண்டாவது தவறு.

வெளியே வந்து வாளியைக் கிளறினேன். பழைய ஆயிலில் கசடே இல்லை. விரலில் தேய்த்தால் வழவழவென்று ஓடியது. ஒழுங்காக மாற்றப்பட்டு வந்த எண்ணெய்.

"புது ஆயில் எவ்வளவு ஊத்தினாங்க?"

"ஆறு லிட்டர் டப்பா. அரை லிட்டர் மிச்சம். அதோ, அலமாரியில."

"மெக்கானிக் மிச்சத்தை வச்சிட்டா போனாரு?" ஹாரன் கன்னத்தில் கை வைத்தார். "நோட்டு, முதல்ல இதை எழுதுங்க. இதுதான் இந்தக் கேஸ்லயே பெரிய மர்மம்."

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். எனக்கு அங்கேதான் மாட்டியது. இந்த என்ஜினுக்கு ஆறு லிட்டர் என்று, அதில் ஆயில் ஊற்றும் வாயின் மூடியிலேயே பொறித்திருக்கிறது. ஐந்தரையிலேயே மேல் கோட்டைத் தொட்டுவிட்டது. அப்படியானால் அரை லிட்டர் எண்ணெய்க்கான இடம் எங்கே போயிற்று?

"தம்பி எங்க இருக்கார்?"

கடைக்காரர் பென்சிலைப் பையிலிருந்து எடுத்து, மறுபடி பையில் வைத்தார். "சினிமா தியேட்டர் பின்னால, படத்துக்குச் சட்டம் போடற கடையில. பார்த்தா..." நிறுத்தினார். "ஒண்ணுமில்லை. போயிட்டு வாங்க."

* * *

காரில் போகும்போது ஹாரன் பின்கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார். பின் இருக்கையில் யாருமில்லை. "வீட்டுல பேச ஆளில்லைங்க. இங்கயாவது பேசித் தீர்த்துடணும்" என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த வசதியும் இல்லை. என் அறைக்குப் போனால் சாவி திரும்பும் சத்தம், பிறகு மின்விசிறி, அவ்வளவுதான்.

சட்டக் கடையின் பின்னறை. சுவரெல்லாம் படம் இல்லாத சட்டங்கள். நடுவில் ஒருவர் நின்றபடியே டப்பாவிலிருந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்காலி இருந்தது. அதன்மேல் பசை டப்பாக்கள். அண்ணனின் அதே நெற்றி.

"அண்ணன் அனுப்பினாரா?" டப்பாவை மூடிவிட்டார். "உடம்புக்கு ஏதாவதா?"

"வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை" என்றார் ஹாரன்.

தம்பியின் முகம் தளர்ந்தது. பிறகு இறுகியது. "ஓ. வண்டியா."

"ஆயில் மாத்தறப்ப எத்தனை லிட்டர் பிடிக்கும்?"

"ஆறு. டப்பாவைக் கவுத்து, கடைசிச் சொட்டு வடியற வரைக்கும் பிடிச்சிட்டு நிப்பேன். மிச்சம்கிற பேச்சே கிடையாது."

"அன்னைக்கு மேட்டுல என்ன ஆச்சு?"

"சொன்னா நம்பப் போறீங்களா?"

"மீட்டர் நம்பிடுச்சுங்க. நாங்களும் நம்பித்தான் ஆகணும்" என்றார் ஹாரன்.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டார். "மிதிச்சேன், லைட் வந்துச்சு. விட்டேன், போயிடுச்சு. மறுபடி மிதிச்சேன், மறுபடி வந்துச்சு. மூணாவது தடவை மிதிக்கலை. சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணிட்டேன். முதுகுக்குப் பின்னால அவ்வளவு பெரிய கண்ணாடி. வெயில். மூணு மணி நேரம் அதைப் பிடிச்சிட்டு நின்னேன். இழுக்கிற வண்டி வந்துச்சு. ஒரே ஒரு பள்ளம்தான். விரிஞ்சிடுச்சு."

"அதுக்கு முந்தின நாள் வண்டியை எடுத்தீங்களா?"

"பதிமூணு, பதினாலு ரெண்டு நாளும் நான் ஊர்லயே இல்லை. ஃப்ரெண்டு கல்யாணம். பதினஞ்சாம் தேதி காலையில வந்தேன். அண்ணன் எல்லாம் ஏத்தி ரெடியா வச்சிருந்தார். சாவியைக் கொடுத்தார், போனேன்."

எழுதிக்கொண்டேன். கிளம்பத் திரும்பினோம்.

"சார், நில்லுங்க. பின்னால என்ன அது?"

ஹாரன் சலித்துக்கொண்டார். "உங்க கடைப் பரிசுங்க. கம்பளிக் கட்டையில உட்கார்ந்தேன்."

"எங்க கடைக் கம்பளியில கறையா?" தம்பி குனிந்து பார்த்தார். "இருக்காதே. ஒரு துளி மணல் ஒட்டியிருந்தாக்கூட கண்ணாடி கீறிடும். அண்ணன் ஒவ்வொரு கட்டையையும் தினம் பிரஷ் போட்டுச் சீவுவார். குழந்தைக்குத் தலை வாரற மாதிரி." விரலால் தொட்டு முகர்ந்தார். "இது வண்டிக் கிரீஸ்."

அந்தக் கறையை அப்போதுதான் நோட்டில் எழுதினேன்.

வாசல் வரை வந்த தம்பி, கேட்காமலேயே சொன்னார். "ஆறு முப்பத்தேழு பஸ்லதான் தினம் வீட்டுக்குப் போவேன். நம்ம கடை வழியாத்தான் போகும். லைட் எரியுதான்னு மட்டும் பார்த்துப்பேன். அவர் கிட்டச் சொல்லாதீங்க."

* * *

மூன்று நாற்பதுக்குக் கடைக்கு வந்தோம். கடைக்காரர் முன்பக்கம் ஒரு வாடிக்கையாளருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி காட்டிக்கொண்டிருந்தார். வெட்டும் மேசையில் இருந்த நீள இரும்பு அளவுகோலைக் கேட்டு வாங்கினேன்.

"என்ஜினுக்குச் சட்டை தைக்கப் போறோமா?" என்றார் ஹாரன்.

"டார்ச் பிடிங்க."

வண்டியின் அடியில் மறுபடி படுத்தேன். சேம்பரின் மண்ணை மட்டும் துணியால் வழித்தேன். பார்வைக்கு அப்போதும் ஒன்றுமில்லை. சீரான, வழுவழுப்பான தகரம். அளவுகோலை விளிம்புக்கு விளிம்பு குறுக்கே வைத்தேன்.

அளவுகோலுக்கும் தகரத்துக்கும் நடுவே என் கட்டைவிரல் நுழைந்தது.

உள்ளங்கையைவிட அகலமான பள்ளம். கூர்மை இல்லை, மடிப்பு இல்லை, ஒரு கீறல் இல்லை. கம்பெனியிலேயே அப்படிச் செய்ததுபோல இருந்தது. முதல் மெக்கானிக்கும் நானும் அதைப் பார்த்துத்தான் 'சேதமில்லை' என்றோம். பள்ளத்தின் ஓரத்து மண்ணில், நாலைந்து பச்சை இழைகள். கம்பளி.

நோட்டைத் திறந்து என் வரியை அடித்தேன். அடித்தது தெரியும்படியே விட்டேன்.

"தொட்டியோட தரை மேல ஏறிடுச்சு. அதனாலதான் அரை லிட்டருக்கு இடமில்லை. வலைக்கும் தரைக்கும் நடுவுல இடுக்கு இல்லை. மெதுவா உறிஞ்சினா வரும்."

"வேகமா உறிஞ்சினா கன்னம்தான் ஒட்டும்" என்றார் ஹாரன். "ஜூஸ் கடையில ஸ்ட்ரா டம்ளர் அடியில ஒட்டிக்கிட்டா எனக்கு இதேதான் ஆகும். இதுக்கா மூணு மெக்கானிக்? என்னைக் கேட்டிருக்கலாம்."

நான் வெளியே ஊர்ந்து வந்து, மேசையடியில் இருந்த அந்தக் கட்டையைத் திருப்பினேன். மரத்தின் அடிப்பக்கத்தில், காசளவுக்குப் பற்கள் பதிந்த வட்டத் தடம். வண்டியின் இருக்கைக்குப் பின்னால் இருந்த ஜாக்கியின் தலையைப் பொருத்தினேன். மூடி போல் உட்கார்ந்தது.

யாரோ ஜாக்கியை அச்சில் வைக்காமல், சேம்பருக்கு அடியில் வைத்துத் தூக்கியிருக்கிறார்கள். நடுவில், பத்திரமாக, கம்பளிக் கட்டை வைத்து.

"தம்பிக்கும் கம்பளிக் கட்டை பழக்கம்தானே" என்றார் ஹாரன். குரலில் விளையாட்டு இல்லை. அந்தத் தம்பியை அவருக்குப் பிடித்துப் போயிருந்தது.

சுவரில் சாய்ந்திருந்த பஞ்சர் சக்கரத்தின் எதிரே போய் நின்றேன். வண்டியின் முன் இடது பக்கம் மாட்டியிருந்தது ஸ்டெப்னி. அது மட்டும் வேறு கம்பெனி டயர், தேய்மானமே இல்லாதது. பஞ்சரான சக்கரத்தை ஒட்டுப்போட எடுத்துப் போக அதன்பிறகு வண்டி ஓடவே இல்லை. வளையத்தில் மஞ்சள் எழுத்து.

14/3.

தம்பி ஊரில் இல்லாத நாள்.

என்னிடம் சான்று கேட்டவர்தான் குற்றவாளி என்று எழுத எனக்குத் துணிச்சல் இருக்கிறதா என்று யோசித்தேன். சர்வேயருக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. தூங்கியிருப்பார். அளவுகோலை மறுபடி வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் மறுபடி நுழைந்தது.

* * *

ஐந்து மணிக்கு வண்டி உடைப்பவர் சங்கிலியோடு வந்துவிட்டார். பின்கட்டில் நான்கு பேர் நின்றோம்.

"காகிதம் ரெடியாம்மா?" என்றார் கடைக்காரர்.

"ஒரு கேள்வி இருக்குங்க. மார்ச் பதினாலு, இந்தச் சக்கரத்தை மாத்தினது யாரு?"

"நான்தான். மறுநாள் லோடு இருந்துச்சு. தம்பி ஊர்ல இல்லை. தனியாத்தான் மாத்தினேன்." கொஞ்சம் பெருமைகூட இருந்தது குரலில்.

"ஜாக்கியை எங்க வச்சீங்க?"

"அடியில. நடுவுல தட்டையா ஒண்ணு இருக்கே, அங்க." பிறகு என் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சொன்னார். "சும்மா வைக்கலை. கட்டை வச்சேன். கம்பளி மேல் பக்கமா வச்சேன். இறக்கினதும் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, ஒரு விரிசல் இல்லை."

"கீறல் விழலைங்க."

"பின்னே?"

அளவுகோலை நீட்டினேன். அவர் தயங்கவில்லை. வேட்டி கட்டிய மனிதர், தரையில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் போனார். இரும்பு தகரத்தில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நெடுநேரம் அவர் கால்கள் மட்டும் தெரிந்தன.

"விரியலையே" என்றது அடியிலிருந்து ஒரு குரல்.

"கண்ணாடின்னா விரிஞ்சிருக்கும். உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்" என்றேன். "இது தகரங்க. சத்தம் போடாம உள்ள வாங்கிக்கும்."

கால்கள் அசையவில்லை.

"உங்க தம்பி மூணாவது தடவை மிதிக்கலை. உடனே நிறுத்திட்டார். அதனாலதான் என்ஜின் இன்னும் நல்லா இருக்கு. சேம்பரை மட்டும் மாத்தினா போதும். ஓடும்."

"அவன் சொன்னான்." குரல் தகரத்தில் மோதி வந்தது. "மிதிச்சா எரியுது, விட்டா போயிடுதுன்னு. திருப்பித் திருப்பி அதையேதான் சொன்னான். நான்தான் ரெண்டாவது ஆளோட மச்சானை எல்லாம் கேட்டேன்."

வண்டி உடைப்பவர் சங்கிலியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். ஹாரன் அவர் தோளில் கை போட்டு வெளியே நடத்திப் போனார். "நீங்க கிளம்புங்கண்ணே. பேஷண்ட் எழுந்து உட்கார்ந்துட்டார்."

கடைக்காரர் வெளியே வந்தார். முதுகெல்லாம் மண். தட்டிக்கொள்ளவில்லை. "எழுதும்மா. காரணம் நான்னு எழுது. நல்லாப் பெரிசா எழுது."

எழுதினேன். 'ஜாக்கி தவறான இடத்தில் வைக்கப்பட்டது. வைத்தவர்: உரிமையாளர். ஓட்டுநர் மீது தவறில்லை.' கையெழுத்துப் போட்டேன். முதல் சான்று. கையெழுத்து கோணலாக வந்தது.

அவர் ஃபோனை எடுத்தார். மூன்று தடவை மணி அடித்து ஓய்ந்தது. "என் நம்பர்னா எடுக்கமாட்டான். நானே சொல்லியிருக்கேன், இனிமே பேசாதேன்னு. நான் சொன்னதைக் கேக்கறவன் அவன்."

காகிதத்தை மடித்தார், பிரித்தார். ஆறு பத்து ஆகியிருந்தது. ஏழு மணி வகுப்புக்கு நான் கிளம்ப வேண்டும். தம்பி சொல்லாதே என்றது நினைவிருந்தது. சொன்னால் தவறா, சொல்லாவிட்டால் தவறா என்று இரண்டு பக்கமும் கணக்குப் போட்டேன். விடை வரவில்லை. ஹாரன் என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன்.

"ஆறு முப்பத்தேழு பஸ். தினமும் உங்க கடை விளக்கைப் பார்த்துட்டுப் போறார்."

அவர் கடையின் முன்கதவுக்குப் போனார். தரையிலிருந்து மேல்வரை ஒரே கண்ணாடி. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பென்சிலை எடுத்து, உள்பக்கமாக நின்று, கதவின் முழு அகலத்துக்கு எழுத ஆரம்பித்தார். பாதியில் பென்சில் முறிந்தது. மிச்சத் துண்டால் எழுதினார். பிறகு கடையிலிருந்த எல்லா விளக்குகளையும் போட்டார்.

உள்ளே நின்ற எனக்கு எழுத்துகள் இடம் வலம் மாறிக் கோலம் போலத்தான் தெரிந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தேன்.

'தப்பு என்னோடது. ஜாக்கி நான் போட்டது.'

6.37. பஸ் வரவில்லை. 6.39. வந்தது. கடை வாசலில் வேகம் குறையவில்லை. சன்னல்களில் முகங்கள் கோடாக ஓடின. போய்விட்டது.

கடைக்காரர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினேழு கண்ணாடிகளில் பதினேழு பேர் அப்படியே நின்றார்கள்.

ஏதாவது சொல்லுங்கள் என்று ஹாரனைப் பார்த்தேன். அவர் பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நிறுத்தம் தபாலாபீஸ். மதியம் அங்கேதான் காரை நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து கடைக்கு ஐந்து நிமிட நடை. கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். ஏழு மணி வகுப்புக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

6.46. கதவுக்கு வெளியே ஒரு நிழல் வந்து நின்றது. மூச்சு வாங்கியது. மஞ்சள் எழுத்தை மேலிருந்து கீழ்வரை படித்தது. மறுபடி முதலிலிருந்து படித்தது. கதவைத் தள்ளவில்லை.

"கட்டை வச்சியா?" கண்ணாடிக்கு வெளியிலிருந்து தம்பியின் குரல்.

"வச்சேன்டா."

"கம்பளி மேல் பக்கமா?"

"மேல் பக்கமாத்தான்."

"அதானே பார்த்தேன்" என்றார் தம்பி. அண்ணன் உள்ளேயிருந்து கதவை இழுத்தார்.

நாங்கள் பின்வழியாக வெளியேறினோம். கொஞ்சம் நின்று பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் எங்களுக்கு அங்கே வேலை முடிந்திருந்தது.

காரில் ஹாரன் பின்கண்ணாடியைப் பார்த்துப் பேசவில்லை. வகுப்பு வாசலில் இறக்கிவிடும்போது மட்டும், "என் பேண்ட்டைச் சாட்சியா சேர்த்துக்கிட்டீங்களா, நோட்டு?" என்றார்.

"சேர்த்தாச்சு."

"அப்ப துவைக்கலாமா?"

"தாராளமா."

அவர் போனபின் தெருவிளக்கின் கீழே நின்று சான்றின் நகலைச் சரிபார்த்தேன். கடைசியில் 'பிற குறிப்புகள்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட என் கை விடவில்லை. எழுதினேன்.

'அலமாரியில் அரை லிட்டர் ஆயில் இருக்கிறது. கொட்டிவிட வேண்டாம். புதுச் சேம்பர் மாட்டியதும் தேவைப்படும்.'